எல்லாத்துக்கும் அது அப்படித்தான் கேக்கும்

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

பதினான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இதற்கு மேலும் நான் பேசாமல் இருந்தால், நீ சிறைக்குள் உட்கார்ந்து சொல்லி அனுப்புவதுதான் நடந்தது என்று என் தங்கையே நம்பிவிடுவாள். பாதி நம்பிவிட்டாள்.

முதலில் ஒன்று. என்னைவிட எட்டு வயது சின்னவனாக இருந்தும் உன்னைப் பதினாறு வருடம் "நீங்கள்" என்றேன். தங்கையின் கணவன் என்பதற்கான மரியாதை அது. அந்த மரியாதையை என் பல்லோடு சேர்த்து நீயே உடைத்தாய். எனவே இனிமேல் "நீ".

ஒவ்வொரு முறை அவள் உன்னைப் பார்க்க வரும்போதும் ஒரே கேள்வியைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறாய். "உங்க அண்ணன் அன்னைக்கு போன்ல என்ன சொன்னார்னு கேளு." அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்று கேட்கிறாள். நீதிமன்றத்தில் சொன்னதைத்தான் அவளிடமும் சொல்கிறேன். என்னை அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டாய். இரண்டு நிமிடம் பத்து விநாடி. அவ்வளவுதான்.

அன்று நடந்தது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்காது. ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் இடது கடைவாய் ஞாபகப்படுத்துகிறது. ஐஸ் தொழிற்சாலையில் கைரேகை வருகைப்பதிவு புரோகிராம் அன்று மாலைக்குள் ஓட வேண்டும் என்று முதலாளி உன்னிடம் சொல்லியிருந்தார். மேனேஜர் அல்லவா, உடனே தலையாட்டிவிட்டாய். ஐஸ் பாளம் தூக்கும் ஆட்கள் பதினெட்டுப் பேரையும் ரேகை கொடுக்க என் சர்வர் அறை வாசலில் வரிசையில் நிறுத்திவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் உள்ளே தலையை நீட்டினாய். "இன்னுமா முடியல மச்சான்?"

சர்வரில் ஒரு புரோகிராமைப் போடவும் எடுக்கவும் பேக்கேஜ் மேனேஜர் இருக்கிறது. கறுப்புத் திரையில் ஒற்றை வரி அடித்துக் காரியத்தை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டுச் செய்யும் இன்டராக்டிவ் மோடில்தான் திறப்பேன். உள்ளே இருக்கும் புரோகிராம்கள், அதாவது பேக்கேஜ்கள், எல்லாம் வரிசையாக நிற்கும். வேண்டியதற்குக் கூட்டல் குறி, வேண்டாததற்குக் கழித்தல் குறி. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாவிட்டால் அது நின்று ஒரு யோசனை சொல்லும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த யோசனை கேட்கலாம். அதற்கும் அடுத்தது கேட்கலாம். சம்மதம் கிடைக்கும்வரை எதன்மேலும் கை வைக்காது. என் வாழ்க்கையில் என்னைக் கேட்காமல் எதையும் செய்யாத ஒரே ஜீவன் அதுதான்.

அன்று புதியது பழையதோடு ஒத்துப்போகாமல் நின்று அது சொன்ன முதல் யோசனை, புதிய புரோகிராமே வேண்டாம் என்பது. இரண்டாவது யோசனை, ஐஸ் உறையவைக்கும் அமோனியா வாயு கசிந்தால் சைரனை ஊளையிட வைக்க நான் எழுதியிருந்த பேக்கேஜை நீக்கிவிட்டுப் புதியதைப் போடலாம் என்பது. அதற்கு நான் வைத்திருந்த பெயர் மாமியார். சின்ன வாடைக்கும் கத்தித் தீர்க்கும். நான் இரண்டையும் தள்ளிவிட்டு அடுத்தடுத்த யோசனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வந்து தோளுக்கு மேலே நின்றாய். "இதுகிட்ட என்ன பேரம்? கத்தரிக்காயா வாங்கறீங்க?" என்றாய். வாசலில் பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். "தெரியாதவன் கையில குடுத்தா இப்படித்தான் அவசரப்படுவான்" என்றேன். என் காலரைப் பிடித்து நாற்காலியோடு இழுத்தாய். "டேய்" என்றாய். கீபோர்டைப் பிடுங்கி அதன் விளிம்பால் என் வாயில் அடித்தாய். ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

நான் ஒரு மணி நேரம் கழித்து வெளியே போய்விட்டேன். அதன் பிறகு அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தது என்று கேமராவில் இருக்கிறது. மாமியாரை எவனும் எளிதில் நீக்கிவிடக் கூடாது என்று நானே அதை இன்றியமையாதது என்று குறித்துவைத்திருந்தேன். அப்படிக் குறித்ததை நீக்க ஒரு எழுத்தைத் தட்டினால் போதாது. "நான் செய்யப்போவது மிக மோசமான காரியம் என்று எனக்குத் தெரியும்" என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில், ஓர் எழுத்துப் பிசகாமல், முழுதாக அடிக்க வேண்டும். நீ அடித்தாய். ஒற்றை விரலால், என் ரத்தம் காயாத கீபோர்டில். மறுநாள் காலையில் அமோனியா கசிந்தபோது சைரன் கத்தவில்லை. கழுத்து நீளத்துக்காக எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிட்ட ஆள் செத்தான். எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு கண்ணும் போயிற்று. உனக்கு ஏழு வருடம்.

தெரிந்தே செய்தேன் என்று உன் விரலே எழுதிக் கொடுத்த பிறகு, என் வாயைக் கிளறிப் பயன் என்ன?

இப்படிக்கு,
உன் மனைவியின் அண்ணன்


மார்ச் 12

மச்சானுக்கு,

லெட்டர் வந்துச்சு. வார்டர் படிச்சிட்டுத்தான் குடுத்தார். "உன் மச்சான் நல்லா எழுதறாரேய்யா, வாத்தியாரா?"ன்னு கேட்டார். இல்ல சார், கம்ப்யூட்டரோட குடும்பம் நடத்தறவர்னு சொன்னேன். சிரிச்சார். இங்க சிரிப்பு வர்றது பெரிய விஷயம் மச்சான்.

எனக்கு உங்கள மாதிரி எழுத வராது. பேசற மாதிரியே எழுதறேன். நீங்க நீன்னு கூப்பிட்டாலும் எனக்கு நீங்கதான் வருது. பழகிப்போச்சு.

அடிச்சது தப்பு. மூணு தடவை அடிச்சேன், அதுவும் சரி. கோர்ட்லயே ஒத்துக்கிட்டேன். அன்னைக்கு முதலாளி என்கிட்ட போன்ல பேசின பேச்சுக்கு நான் யாரையாவது அடிச்சே ஆகணும். பக்கத்துல நீங்க இருந்தீங்க. அதுக்கு மேல அதுல நியாயம் ஒண்ணும் இல்ல.

ஆனா மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிட்டேன்னு கூண்டுல நின்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு வயிறு எரியுது. நான் மன்னிப்பு கேக்கவே இல்ல. கேட்டிருக்கணும், கேக்கல. நீங்க பொய் சொன்னதுல என்னை நல்லவனாக்கிட்டீங்க. நீதிபதி என்னைப் பாத்து, "மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு நிதானம் இருந்தவர், அந்த வாக்கியத்தையும் நிதானமாகத்தான் அடித்திருக்கிறார்"னு சொன்னார். ஞாபகம் இருக்கா? நீங்க முன் வரிசையில உக்காந்திருந்தீங்க.

நான் எதுக்குக் கூப்பிட்டேன்னு உங்களுக்குத் தெரியும். ஸ்கிரீன்ல அந்த வரி நின்னுச்சு. அடிக்கலாமான்னு கேட்டேன். நீங்க அடிங்கன்னு சொன்னீங்க. சொன்னதாலதான் அடிச்சேன். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.

அப்பீல் ஏப்ரல் 27. வக்கீலம்மா சொல்றாங்க, நீங்க அத மட்டும் சொன்னா, தெரிஞ்சே செஞ்சதுங்கறது நிக்காது, கவனக்குறைவுன்னு ஆயிடும், இதுவரைக்கும் உள்ள இருந்ததே போதும்னு விட்டுடுவாங்கன்னு. பாப்பா ஏழாவது போறா. பத்தாவது பரீட்சைக்கும் நான் உள்ளயா இருக்கணும்?

மாப்பிள்ளை


மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

பாப்பாவை இழுக்காதே. அவளுக்குச் சோறு போடுவது இப்போது நான்.

உன்னை அந்தத் தொழிற்சாலைக்குள் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். கல்யாணமாகி ஆறு மாதம் வேலையில்லாமல் சோபாவில் படுத்துக் கிடந்தவனை, முதலாளியிடம் கைகட்டி நின்று, "கெட்டிக்காரப் பையன்" என்று சிபாரிசு செய்தேன். கெட்டிக்காரன்தான். ஐந்து வருடத்தில் எனக்கு மேனேஜர் ஆனாய். நான் லீவு கேட்டு உனக்கு எழுத வேண்டியிருந்தது. என் கடிதத்தில் பிழை திருத்தி ஒருமுறை திருப்பி அனுப்பினாய், வேடிக்கைக்காக. நீ மறந்திருப்பாய். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தக் காலையில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறாய் போலிருக்கிறது. நீ கேட்கவில்லை, தங்கை கேட்டாள். பல் டாக்டரிடம் இருந்தேன். நீ உடைத்தது போக மிஞ்சியிருந்த வேரைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். வாய் முழுக்கப் பஞ்சோடு பன்னிரண்டு மணிக்குத் தொழிற்சாலை வாசலில் இறங்கினேன். உன்னை ஆட்கள் இரும்புக் கேட்டில் சாய்த்துவைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். "சைரன் எங்கடா? சைரன் எங்க?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். ஒருவன் பாளம் இழுக்கும் கொக்கியை ஓங்கி உன் இடது உள்ளங்கையில் இறக்கினான். அது மறுபக்கம் வந்து கேட்டின் கம்பியில் மாட்டிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. கையை அப்படியே விட்டுவிட்டு அடித்தான்.

நீ என்னைப் பார்த்தாய். "மச்சான், சொல்லுங்க மச்சான்" என்றாய்.

நான் தடுக்கவில்லை. வாயில் பஞ்சு இருந்தது, அதனால் பேச முடியவில்லை என்று வைத்துக்கொள். எனக்கும் ஒரு அடி விழுந்தது, முதுகில், யாருடையது என்று தெரியாது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பெரிதுபடுத்துகிற பழக்கம் எனக்கில்லை.

அந்த போனில் என்ன பேசினோம் என்பதை நான் ஒருமுறை சத்தியம் செய்து சொல்லியாகிவிட்டது. இரண்டாம் முறை வேறு மாதிரிச் சொன்னால் பொய்ச்சாட்சி சொன்னவன் என்று என்னை உள்ளே போடுவார்கள். உனக்காக நான் ஏன் உள்ளே போக வேண்டும்? நீ எனக்காக என்ன செய்தாய்?

இப்படிக்கு,
உன் மனைவியின் அண்ணன்


மார்ச் 29

மச்சான்,

நீங்கன்னு எழுத உக்காந்தேன். கை வரல. கேட்டுல கை மாட்டித் தொங்கினப்ப நீ பஞ்சோட நின்னு பாத்தேன்னு உன் கையாலயே எழுதிட்ட. இனிமே நீதான்.

நீ பன்னெண்டு மணிக்கு வந்த. அதுக்கு முன்னாடி நடந்தத நான் சொல்றேன், கேளு.

ஒம்பது பத்துல இருந்தே வாடை. நம்ம பேக்டரியில எப்பத்தான் வாடை இல்ல? கம்ப்ரஸர் ரூம் வாசல்ல நான், ஒட்டகம், எலக்ட்ரீஷியன் மூணு பேரும் நிக்கறோம். எலக்ட்ரீஷியன் கண்ணக் கசக்கிக்கிட்டு, "சார், இன்னைக்கு ஜாஸ்தியா இருக்கே"ன்னான். ஒட்டகம் அந்த நீளக் கழுத்தைத் திருப்பி, "சைரன் கத்தலையே, அப்ப ஒண்ணும் இல்ல. வாங்க, வேலையப் பாப்போம்"னான். நானும் ஆமான்னேன். சைரன் கத்தல, அதனால ஒண்ணும் இல்ல. அதான் எங்க மூணு பேருக்கும் இருந்த ஒரே கணக்கு.

அரை மணி நேரம் மச்சான். அரை மணி நேரம் அவங்க உள்ள வேலை பாத்தாங்க.

ஒம்பது நாப்பதுக்குக் குழாய் மூட்டு தெறிச்சுது. வெடி மாதிரி. புகை வெள்ளையா, தரையோட ஒட்டி வந்துச்சு. எலக்ட்ரீஷியன் மூஞ்சியப் பொத்திக்கிட்டு சுவத்துல முட்டி முட்டி விழுந்தான். ஒட்டகம் உள்ள. நான் ஈரச் சாக்கைத் தலையில போட்டுக்கிட்டுப் போனேன். கால்ல தட்டுப்பட்டான். கையப் பிடிச்சு இழுத்தேன், தோல் கையோட வந்துச்சு. அக்குள்ல கை குடுத்து இழுத்தேன். வெளிய கொண்டு வந்து போட்டப்ப உசிர் இருந்துச்சு. தொண்டை வீங்கி, மூச்சு விடறதுக்கு வாயத் திறந்து திறந்து மூடறான். என் சட்டையப் பிடிச்சு முறுக்கினான். பட்டன் தெறிச்சுது. அப்படியே போயிட்டான். அவன் விரலைப் பிரிக்க ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு.

இப்ப போனுக்கு வா. நாலு இருபது. நான் கேட்டது, வார்த்தைக்கு வார்த்தை சொல்றேன். "மச்சான், மாமியார்னு எதையோ தூக்கப்போறேன்னு போட்டிருக்கு, யாரு இந்த மாமியார்?" நீ சொன்னது, "பழைய புரோகிராம் மாப்பிள்ளை, இப்ப யாரும் தொடறதில்ல." நான் சொன்னது, "இங்க ஒரு பெரிய வரியா அடிக்கச் சொல்லுது. மோசமான காரியம்னு எனக்குத் தெரியும்னு. என்ன மச்சான் இது, பயமுறுத்துது?" உன் பக்கம் வாயத் துடைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சொன்ன. "அடிங்க மாப்பிள்ளை. எல்லாத்துக்கும் அது அப்படித்தான் கேக்கும்."

அந்த நிமிஷம்கூட நான் நினைச்சேன், பாரு, மூஞ்சியில அடி வாங்கியும் வேலைன்னு வந்தா மச்சான் மச்சான்தான்னு.

இங்க ஒட்டகத்தோட சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கான். வேற கேஸ்ல வந்தவன். தினமும் சாப்பாட்டு வரிசையில எனக்குப் பின்னாடி வந்து நிக்கறான்.  என் கழுத்துல மூச்சு விடறான், அவ்வளவுதான்.

சொல்லு மச்சான். ரெண்டே வரி.

மாப்பிள்ளை


ஏப்ரல் 3

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுவிட்டேன்.

தோல் உரிந்தது, தொண்டை வீங்கியது என்றெல்லாம் எழுதி என்னை அழவைக்கப் பார்க்காதே. செத்தவனை எனக்கும் தெரியும். காலையில் என்னைப் பார்த்தால், "சார், உங்க கம்ப்யூட்டர் சாப்பிட்டுச்சா?" என்று கேட்பான். உன்னைப்போல என்னைக் கேலி செய்தவன்தான், ஆனால் கேட்டான்.

எல்லாத்துக்கும் அது அப்படித்தான் கேக்கும் என்று நான் சொன்னதற்கு யார் சாட்சி? போன் கம்பெனி நேரத்தை மட்டும்தான் எழுதிவைக்கிறது. பேச்சை எழுதிவைப்பதில்லை. வாக்கியத்தை அடித்தது உன் விரல். மீதியை நீ உன் வக்கீலம்மாவோடு பேசிக்கொள்.

இனி எழுதாதே.

இப்படிக்கு,
உன் மனைவியின் அண்ணன்


ஏப்ரல் 10

மச்சான்,

எழுத்து கோணல்மாணலா இருக்கும். வலது மணிக்கட்டு உடைஞ்சிருக்கு. ஓட்டை விழுந்த இடது கையால எழுதறேன். நாலாந்தேதி குளிக்கற இடத்துல மூணு பேர். சித்தப்பா மகன் என் கையப் படிக்கட்டு விளிம்புல வச்சு மேல ஏறிக் குதிச்சான். இன்னொருத்தன் என் தலையத் தொட்டிக்குள்ள அழுத்திப் பிடிச்சுக்கிட்டான். "மூச்சு முட்டுதா? அவனுக்கும் இப்படித்தாண்டா இருந்திருக்கும்"னு சொன்னது தண்ணிக்குள்ளயே கேட்டுச்சு. நான் ஒருத்தன் காதைக் கடிச்சேன். துப்பினப்ப ஒரு துண்டு வந்துச்சு. அதுக்காக எனக்கு இன்னொரு கேஸ் வருமாம். பரவால்ல.

உன் லெட்டர வக்கீலம்மாகிட்ட காட்டினேன். ரெண்டு தடவை படிச்சிட்டு சிரிச்சாங்க. "உங்க மச்சான் சொல்லவே இல்லைன்னு எழுதல பாத்தீங்களா? யார் சாட்சின்னுதான் கேட்டிருக்கார்"னாங்க. ஆனா அது பத்தாதாம். நேரடியா எழுதணும். கோர்ட்டுக்கு வர வேண்டாம், கூண்டுல ஏற வேண்டாம். என்ன நடந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதி, அடியில உன் கையெழுத்து. அவ்வளவுதான்.

கையெழுத்து முக்கியம்னு அழுத்திச் சொன்னாங்க. நீ அனுப்பறது எல்லாம் பிரின்ட் எடுத்தது. கவர் மேல விலாசம்கூட பிரின்ட். அடியில போடற அந்தக் கிறுக்கல் ஒண்ணுதான் பேனா. அது இல்லன்னா, நானே வெளிய யாரையாவது வச்சு அடிச்சு வரவழைச்சேன்னு சொல்லிடுவாங்களாம். அது இருந்தா, நான் வெளிய வருவேன். நீ பொய்ச்சாட்சிக்கு உள்ள வரலாம், வராமலும் போகலாம். மறைக்கல, சொல்லிட்டேன்.

வெளிய வந்து உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொன்னா, பண்ண மாட்டேன். ராத்திரியெல்லாம் உன் மிச்சப் பல்லைத்தான் எண்ணிக்கிட்டிருக்கேன். ஆனா கேக்கறேன். உன்னைத் தவிர எனக்குக் கேக்க ஆளில்ல.

உன் தங்கச்சிக்கு இதே மாதிரி ஒரு லெட்டர் போட்டிருக்கேன். அவளுக்கும் தெரியட்டும்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 19

மாப்பிள்ளை,

உன் கடிதம் தங்கைக்கு வந்த அன்று அவள் பாப்பாவின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தபால்காரரிடமிருந்து வாங்கி நின்றபடியே படித்தாள். நான் மேஜையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கடிதத்தோடும் மறு கையில் இஸ்திரிப் பெட்டியோடும் வந்தாள். சண்டை போடப்போகிறாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். மேஜைமேல் இருந்த என் கையில் பெட்டியை வைத்து அழுத்தினாள்.

"சொன்னியா இல்லியா?"

நான் கத்தினேன். நாற்காலி சாய்ந்தது. அவள் முழங்காலை என் மார்பில் ஊன்றிக்கொண்டு மறுபடி வைத்தாள். வேக்காட்டு நாற்றம் வந்தது. பாப்பா உள்ளே இருந்து ஓடி வந்து, "அம்மா, விடும்மா, மாமா பாவம்மா" என்று அவள் முடியைப் பிடித்து இழுத்தாள். "நீ போடி உள்ள" என்று ஒரு அறை அவளுக்கும் விழுந்தது. "அண்ணா, கடைசியாக் கேக்கறேன். அடிங்கன்னு சொன்னியா, இல்லியா? ஒரே ஒரு வார்த்தை."

"இல்ல" என்றேன்.

அவள் எழுந்து வயரைப் பிடுங்கினாள். பாப்பாவின் இரண்டு சட்டைகளை மடித்து வைத்தாள். ஒரு மணி நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள். எங்கே என்று சொல்லவில்லை. வாசலில் பாப்பா திரும்பி என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

சூடு வைத்துக் கேட்டும் சொல்லாத வாய், கேட்க ஆளில்லாத வீட்டில் நான்கு நாளாகத் தானாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எனவே எழுதுகிறேன். இந்தக் கையால் அடிக்க நேரமாகிறது. பொறுத்துக்கொள்.

போனில் நீ கேட்டது எல்லாம் நீ எழுதியபடியேதான். நான் சொன்னதும் நீ எழுதியபடியேதான். ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். மாமியார் என்று படித்துவிட்டு நீ சிரித்தாய். "மாமியாரைத் தூக்கறதுன்னா நல்ல காரியம்தானே மச்சான்" என்று சொல்லி, வாய்விட்டு, பழைய நாட்களில் சாப்பாட்டு மேஜையில் சிரிப்பாயே, அப்படிச் சிரித்தாய். நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். கைக்குட்டை முழுக்க ரத்தம். கூழான உதட்டில் போனை வைத்துக்கொண்டு உன் சிரிப்பைக் கேட்டேன். அடித்த இரண்டு மணி நேரத்துக்குள் அடி வாங்கியவனிடமே ஒருவனால் சிரிக்க முடிகிறதென்றால், அடி வாங்கியவனை அவன் எதற்கும் கணக்கில் வைத்ததில்லை என்றுதானே பொருள்? வாயைத் துடைத்தேன். அடிங்க மாப்பிள்ளை என்றேன்.

நீ இதைத்தான் கேட்டாய். உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. யாருக்கும் தெரியாது.

நீ என்னை அடித்துவிட்டுப் போன பிறகு ஒரு மணி நேரம் அந்த அறையில் இருந்தேன் என்று எழுதினேன் அல்லவா? அந்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேமரா என் முதுகைத்தான் பார்த்தது, திரையை இல்லை. பேக்கேஜ் மேனேஜர் முடிவைத்தான் எழுதிவைக்கும். எந்த யோசனையை யார் ஏற்றார், எதைத் தள்ளினார் என்று எழுதிவைக்காது.

நீ உள்ளே வந்து காலரைப் பிடித்தபோது நான் நான்காவது யோசனையில் இருந்தேன். அது நல்ல யோசனை. இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு பதிப்பு வேறொரு இடத்தில் இருந்தது. இறக்கிப் போட அரை மணி நேரம் ஆகும். புதியதும் ஓடியிருக்கும், சைரனும் இருந்திருக்கும். நாலரை மணிக்குப் பதினெட்டுப் பேரும் விரலை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லத்தான் நான் திரும்பினேன். நீ கத்தரிக்காய் என்றாய்.

நீ போன பிறகு கீபோர்டைத் தரையிலிருந்து எடுத்தேன். இரண்டு பொத்தான்களுக்கு நடுவே பல் துண்டு இருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். திரையில் நான்காவது யோசனை அப்படியே காத்திருந்தது. பின்னால் போனேன். மூன்றாவது. இன்னும் பின்னால். இரண்டாவது. மாமியாருக்கு எதிரே கழித்தல் குறி. ஏற்றுக்கொள் என்று அழுத்தினேன். இறுதிப் பட்டியலைக் காட்டியது. அதற்கும் சரி என்றேன். அந்த வாக்கியத்தைக் கேட்டு நின்றது. அங்கே நிறுத்திவிட்டு எழுந்தேன். திரையைப் பூட்டவில்லை. இருபது வருடத்தில் பூட்டாமல் நான் எழுந்தது அன்று ஒருமுறைதான்.

நீ உட்காருவாய் என்று எனக்குத் தெரியும். மாலைக்குள் முடிக்காவிட்டால் முதலாளி உன்னைத் தின்றுவிடுவார். யாரையாவது கேட்பாய் என்றும் தெரியும். வேறு யாரைக் கேட்பாய்?

ஒட்டகம் சாவான் என்று நினைக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டியதில்லை. என் திட்டம் இவ்வளவுதான். மறுநாள் மதியம் முதலாளியிடம் போய், உங்கள் மேனேஜர் அவசரத்தில் சைரனையே பிடுங்கிவிட்டார், பாருங்கள், தெரிந்தே செய்ததாக எழுதியும் கொடுத்திருக்கிறார் என்று திரையைத் திருப்பிக் காட்டுவது. பதினெட்டுப் பேர் முன்னால் அவர் உன்னைத் திட்ட வேண்டும். ஒரு இரவும் ஒரு காலையும் சைரன் இல்லாமல் போனால் என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன். காலையில் பல் டாக்டரிடம் எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். வரிசையில் உட்கார்ந்து, முதலாளியிடம் எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று மனதுக்குள் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்பது பத்தோ, ஒன்பது இருபதோ இருக்கும்.

கேட்டில் உன் கை தொங்கியபோது, உன்மேல் விழுந்த ஒவ்வொரு அடியையும் நான் என்னுடையதாக எண்ணினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி எண்ணவில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்றுதான் நின்றேன். உன்னை அடித்தே கொன்றுவிட்டால் அந்த போனைப் பற்றிச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள் என்பதும் அந்த நேரத்திலேயே தோன்றியது.

இப்போது தாளை பிரின்டரிலிருந்து எடுத்து முன்னால் வைத்திருக்கிறேன். இதன் அடியில் கையெழுத்து விழுந்தால், இருபத்தேழாம் தேதி நீ வெளியே வருவாய். நான் போவேன். பொய்ச்சாட்சிக்கு மட்டும் இல்லை, இதில் எழுதியிருப்பதற்குப் பெயர் வேறு. ஒட்டகத்தின் சித்தப்பா மகன் வரிசையில் இடம் மாறி என் பின்னால் வந்து நிற்பான். எனக்கு ஐம்பது வயதாகிறது. உன்னைப்போல ஒருவன் காதைக் கடித்துத் துப்ப எனக்குப் பல் இல்லை. அதற்கும் நீதான் காரணம்.

பேனாவைத் திறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூடிவிட்டேன்.

வார்டர் படிக்கட்டும். வக்கீலம்மா நான்கு தரம் படிக்கட்டும். இது என் மச்சான் எழுதியது என்று நீ கத்துவாய். பதினைந்து மாதமாக நீ கத்துவதும் அதுதானே என்பார்கள். உண்மை முழுவதும் இனி உன்னிடம் இருக்கும், நீ கேட்டதைவிடக் கூடுதலாகவே. நீ கேட்ட அந்த ஒன்று மட்டும் இருக்காது. உன்னைக் காப்பாற்ற எனக்கு மனமில்லை, உன்னிடம் மறைக்கவும் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான். உறையை ஒட்டி, கையெழுத்துப் போடாமலே, தபாலில் சேர்க்கப் போகிறேன்.